அம்மையார்குப்பத்தில் ‘டேப்’புக்கு ஒரு கவசம்

சென்னை சென்ட்ரலில் திருத்தணி மின்சார ரயிலைப் பிடித்தால், அரக்கோணம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே குன்றுகள் தலைகாட்ட ஆரம்பிக்கும். சுமார் 85 கிலோமீட்டர் பயணம். இறங்கியதும் எல்லோர் கண்ணும் போவது முருகன் மலைக்குத்தான். வருடத்தின் நாள்களைச் சொல்லும் 365 படிகள், ஒவ்வொரு டிசம்பர் 31-ம் நடக்கும் திருப்படித் திருவிழா, ஆடிக் கிருத்திகைக்குத் தெருவெல்லாம் காவடி என்று திருத்தணியைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் பேருந்து நிலையத்தில் ஆர்.கே.பேட்டை பக்கம் போகும் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் வேறொரு உலகம் வருகிறது. அந்த வட்டாரத்தில் இருக்கிறது அம்மையார்குப்பம்.

வழியில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து காதில் விழும். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். திருத்தணி வட்டாரம் ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறினாலும் பேச்சும் பெண் கொடுக்கல் வாங்கலும் மாறவில்லை.

ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ஊரின் சத்தம் வந்துவிடும். ‘டடக் டடக் டடக்’ என்று விசைத்தறி. இந்தப் பக்கத்தில் பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் எல்லாமே நெசவு ஊர்கள். வீட்டின் முன்பாதியில் தறி, பின்பாதியில் குடித்தனம் என்பது சாதாரணம். புதியவர்களுக்கு அந்தச் சத்தத்தில் பேசவே முடியாது. ஊர்க்காரர்களுக்கோ அது நின்றால்தான் கவலை. நின்றால் கரன்ட் போய்விட்டது, அல்லது பாவு தீர்ந்துவிட்டது, அல்லது கூலித் தகராறு என்று அர்த்தம்.

சத்தத்தோடு சேர்ந்து வருவது பஞ்சு. தறி ஓடும் வீட்டில் ஜன்னல் கம்பி, சிலந்தி வலை, சுவர்க் கடிகாரம், சாமி படம் என எதைத் தொட்டாலும் மெல்லிய நூல்தூசு இருக்கும். இந்தக் கட்டுரையின் வில்லன் அந்தத் தூசுதான்.

தறி வீட்டுக்குள் டேப் வந்த கதை

நெசவு ஊரில் டேப்லெட்டுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். நிறைய வேலை இருக்கிறது.

முதல் அலை கொரோனாவோடு வந்தது. 2020-லும் 2021-லும் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள் என்ற நிலைமை. கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. தாக்குப்பிடிக்க முடியாத குடும்பங்கள் எப்படியோ பணம் புரட்டி ஒரு டேப் வாங்கின. சின்னத் திரையில் கணக்குப் பாடம் பார்த்துக் கண் எரிகிறது என்று பிள்ளை சொன்னால் எந்த அம்மாவுக்கு மனசு கேட்கும்?

இரண்டாவது அலை பள்ளிக்கூடம் வழியாக வந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் மீட்டுத்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூன் 13 அன்று தொடங்கியது. தொடங்கிவைத்த இடம் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் பள்ளி. 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும் இந்த மாவட்டத்தின் காக்களூரில்தான். சென்னைக்குப் பக்கத்திலும் இருந்து கிராமமாகவும் இருப்பதில் இப்படி ஒரு லாபம். எண்ணும் எழுத்தும் வகுப்பில் ஆசிரியர் பிள்ளைகளின் கற்றலைச் செயலியில் பதிய வேண்டும். முதலில் சொந்த போனில் பதிந்தார்கள். பிறகு மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 80 ஆயிரம் பேருக்கு அரசே டேப்லெட் கொடுத்தது.

மூன்றாவது, சேலை. ஒரு காலத்தில் புதுப் பார்டர் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட வியாபாரி ஒரு துண்டுத் துணியைக் கொடுத்தனுப்புவார். இப்போது படம் வருகிறது. போன் திரையில் ஒரு இழை நிறமும் அடுத்த இழை நிறமும் ஒன்றாகத் தெரியும். டேப்பில் விரித்துப் பார்த்தால் மாம்பழ மஞ்சளா, எலுமிச்சை மஞ்சளா என்று பிரித்தறியலாம். நிறம் தப்பினால் அந்தப் பாவு முழுக்க நஷ்டம்.

ஆக, அந்தத் திரையில் இருப்பது சினிமாப் பாட்டு மட்டும் இல்லை. முப்பது பிள்ளைகளின் மதிப்பெண், ஒரு மாதக் கூலி, பத்தாம் வகுப்பின் பாடம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கண்ணாடி உடைந்தால் மாற்றுவதற்குச் சில ஆயிரங்கள் ஆகும். பல மாடல்களில், மாற்றுகிற செலவுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம் என்று கடைக்காரரே சொல்லிவிடுவார். சில நூறு ரூபாயில் ஒட்டும் தெளிவான தோலுக்கு இங்கே மரியாதை வந்தது அதனால்தான்.

கஞ்சி போட்ட நூல்

இந்த ஊர்க்காரர்களுக்குப் பாதுகாப்புத் தோல் என்ற யோசனையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் தொழிலின் முதல் வேலையே அதுதான்.

கைத்தறிக் காலத்தில் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டுவார்கள். அதன்மேல் கஞ்சியைத் தெளித்து, பாவாற்றி என்கிற தூரிகையால் இரண்டு பக்கமும் நீவிக்கொண்டே நடப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். கஞ்சி எதற்கு? தறியில் ஒவ்வொரு இழையும் அச்சுப் பல்லுக்கு இடையில் ஆயிரக்கணக்கான முறை உரசுகிறது. வெறும் நூல் என்றால் பிசிறு கிளம்பி அறுந்துவிடும். கஞ்சி இழைமேல் ஒரு மெல்லிய தோலாகப் படிந்து, அந்த உரசலைத் தான் வாங்கிக்கொள்கிறது. துணி நெய்து முடித்துத் துவைத்தால் கஞ்சி போய்விடும், நூல் நிற்கும். விசைத்தறி வந்த பிறகு தெருப்பாவு மறைந்து, ‘சைசிங்’ ஆலையில் கஞ்சி ஏற்றிய பாவு உருளையாக வருகிறது. தத்துவம் அதேதான்.

டேப் மேல் ஒட்டும் பிலிமும் அப்படித்தான். அது கீறல் வாங்குவதற்கென்றே இருக்கிற பொருள். கீறிவிட்டதே என்று வருத்தப்படக் கூடாது, கீறினால் உரித்துப்போட்டுப் புதிது ஒட்ட வேண்டும்.

ஹெலிகாப்டர் இறக்கையிலிருந்து

இந்தத் தோலின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. வியட்நாம் போரின்போது அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலும் கல்லும் அரித்துத் தின்றன. அதைத் தடுக்க, எடை குறைந்த, இழுபடக்கூடிய பாலியூரித்தேன் பிலிமை இறக்கை விளிம்பில் ஒட்டினார்கள். பிறகு அது பந்தயக் காருக்கு வந்தது. இன்று புதுக் கார் வாங்கியவர்கள் பெருமையாகச் சொல்லும் ‘பிபிஎப்’ அதன் வாரிசு. 2005-ல் ஐபாட் நானோ வெளியானபோது சட்டைப்பையில் வைத்தாலே கீறுகிறது என்று பெரிய புகார் கிளம்பியது. அதே வருடம் அமெரிக்காவின் யூட்டாவில் தொடங்கிய ஒரு நிறுவனம் ‘இன்விசிபிள் ஷீல்ட்’ என்ற பெயரில் இந்த வகைப் பிலிமைக் கையடக்கக் கருவிகளுக்கு வெட்டி விற்றது.

கண்ணாடியும் சும்மா இருக்கவில்லை. கார்னிங் நிறுவனத்தின் கொரில்லா கிளாஸ் போன்றவை, சுமார் 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் உப்பில் ஊறவைக்கப்பட்டவை. கண்ணாடியின் மேற்பரப்பிலிருக்கும் சிறிய சோடியம் அயனி வெளியே வந்து, பெரிய பொட்டாசியம் அயனி அந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்காரும். கூட்டமான பேருந்தில் ஒல்லியானவர் எழுந்த இடத்தில் குண்டானவர் உட்கார்ந்த மாதிரி. அந்த நெருக்கம்தான் கண்ணாடிக்கு வலிமை.

அப்படியென்றால் ஸ்க்ரீன் கார்டு எதற்கு? மணலுக்காக. சாதாரண மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடி ஐந்தரையிலிருந்து ஆறுக்குள். கைப்பையில் சாவி உரசுவதைவிட, பையின் அடியில் கிடக்கும் ஒரு மண் துகள் ஆபத்தானது. கிராமப் பள்ளியில் டேப் மேசைமேல் மட்டும் இருப்பதில்லை. பிள்ளைகளோடு தரையில் உட்காருகிறது, மரத்தடிக்குப் போகிறது, ஸ்கூட்டர் பெட்டியில் குலுங்குகிறது.

கடையில் கேட்கும் மூன்று பெயர்கள்

கடைத்தெருவில் எல்லாவற்றுக்கும் ‘டெம்பர்’ என்றுதான் பெயர். “டெம்பர் போடணும் தம்பி” என்றால் தம்பி ஒரு கண்ணாடியை எடுப்பார். ஆனால் வகை மூன்று.

கண்ணாடி டெம்பர் கீழே விழும் அடியைக் கொஞ்சம் தாங்கும், விரலுக்கு வழவழப்பாக இருக்கும். ஆனால் டேப்பின் அளவுக்கு அது எடை கூடுதல், மூலையில் சின்ன அடி பட்டாலும் விரிசல் ஓடும். பெட் வகை பிளாஸ்டிக் பிலிம் விலை குறைவு, கீறல் சீக்கிரம் தெரியும். மூன்றாவதுதான் டிபியு, கடைப் பெயர் ‘ஹைட்ரஜெல்’. இழுபடும், வளைந்த ஓரத்திலும் உட்காரும், லேசான கீறல் ஒன்றிரண்டு நாளில் தானே மங்கிவிடும். முதுகுப் பக்கத்துக்கும் இதையே ஒட்டலாம். கவர் போடாமலே பின்பக்கம் புதிதாக இருக்கும்.

ஹைட்ரஜெல்லை வெட்ட மேசைமேல் ஒரு சின்ன இயந்திரம் இருக்கும். போனில் மாடலைத் தேர்ந்தெடுத்தால் கத்தி தானே ஓடி, கேமரா ஓட்டை உட்பட வெட்டித்தரும். ஒரு சிக்கல்: சில இயந்திரங்கள் போன் அளவுக்கு மட்டும்தான் வெட்டும். டேப்புக்குப் பெரிய படுக்கை உள்ள இயந்திரம் வேண்டும். உங்கள் டேப்பின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். டீச்சர் பிலிம் ஒட்ட விரும்பினால் மதிய இடைவேளை போதாது, சனிக்கிழமைதான் சரி.

தூசும் தோலும்

போனுக்கு ஒட்டத் தெரிந்தவர்கள் டேப்பில் தோற்பது ஏன்? ஆறரை அங்குல போனின் திரை சுமார் 100 சதுர சென்டிமீட்டர். பத்து அங்குல டேப்புக்கு அது 300-ஐ நெருங்குகிறது. தூசு விழ மூன்று மடங்கு இடம். பருத்தி இழை ஒன்றின் தடிமன் சுமார் 15 மைக்ரான், கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் அது பிலிமுக்கு அடியில் மாட்டினால், சுற்றிலும் பிலிமைத் தூக்கிக் கூடாரம் மாதிரி ஒரு குமிழி கட்டும். அது கண்ணுக்கு நன்றாகத் தெரியும், அதுவும் படத்தின் நடுவில்.

போதாததற்கு நிலைமின்சாரம். பிலிமின் பின்தாளை ‘சர்’ரென்று உரிக்கும்போது அதில் மின்னூட்டம் ஏறும். காற்றில் மிதக்கும் பஞ்சை அது வா வா என்று கூப்பிடும். காற்று உலர்ந்திருந்தால் இன்னும் மோசம். கோடையில் வானிலை மையத்தின் வெயில் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி முன்வரிசையில் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை மத்தியானம், தறி ஓடும் வீடு, தலைக்குமேல் மின்விசிறி, கையில் உரித்த பிலிம் என்றால் இதைவிட மோசமான முகூர்த்தம் கிடையாது.

விவரம் தெரிந்த கடையில் பேச்சு இப்படிப் போகும்.

“டீச்சர், ஃபேனை நிறுத்திடட்டுமா? அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோங்க.”

“நிறுத்துப்பா. போன தடவை ஒட்டினது பூரா முத்து முத்தா கிளம்பிடுச்சு.”

வீட்டிலேயே ஒட்டுகிறவர்களுக்கு நல்ல நேரம் விடியற்காலை, தறி ஓட ஆரம்பிப்பதற்கு முன். தெருப்பாவுக்காரர்கள் எழுந்த அதே நேரம். தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டால் தூசு படுத்துவிடும். குளியலறையில் வெந்நீரைத் திறந்து ஆவி அடங்கியதும் அங்கேயே ஒட்டுகிறவர்கள் உண்டு. விநோதமாகத் தெரிந்தாலும் வேலை செய்யும், ஈரக் காற்றில் தூசு மிதக்காது. பஞ்சு உதிரும் புதுத்துண்டு, கம்பளி, கையில்லாத பழைய பனியன் எதுவும் பக்கத்தில் வேண்டாம். வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுவது நல்லது.

முதலில் டேப்பை அணைக்க வேண்டும். கூடவே வரும் ஆல்கஹால் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மைக்ரோஃபைபர் துணியால் உலர்த்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தூசு தெரியாது, சாய்வாகப் பார்த்தால்தான் தெரியும். மிச்சமிருக்கும் துகளைத் துணியால் துரத்தாதீர்கள், இடம்தான் மாறும். செலோடேப் ஒட்டி எடுத்தால் அதோடு வந்துவிடும்.

அடுத்தது கீல் முறை. பின்தாளை உரிக்காமலே பிலிமைத் திரைமேல் வைத்து, கேமரா ஓட்டையும் நான்கு ஓரமும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, ஒரு நீளப் பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். இப்போது பிலிம் கதவு மாதிரி திறந்து மூடும். திறந்து, பின்தாளை உரித்து, மூடினால் கோணல் வராது. பெரும்பாலான கோணல்கள் இந்த ஒரு நிமிடத்தைச் சேமிக்கப் போய் வந்தவைதான். மூடும்போது ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக, அட்டையால் நீவிக்கொண்டே போக வேண்டும். பாவாற்றி பிடித்த கை மாதிரி ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில்.

நடுவில் ஒரு துகள் தெரிந்தால் பதற்றம் வேண்டாம். அந்த மூலையை மட்டும் செலோடேப்பால் பிடித்துத் தூக்கி, இன்னொரு செலோடேப்பால் பிலிமின் ஒட்டும் பக்கத்தைத் தொட்டு எடுத்துவிட்டு மறுபடி படியவிடலாம். விரலால் மட்டும் தொடாதீர்கள், ரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

ஈர முறை என்று ஒன்று உண்டு. தண்ணீரில் ஓரிரு சொட்டு குழந்தை ஷாம்பு கலந்து, பிலிமின் ஒட்டும் பக்கத்திலும் விரல் நுனியிலும் தெளித்துவிட்டு வைத்தால், பிலிம் வழுக்கிக்கொண்டு போகும். இடம் சரியானதும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை நீவி வெளியேற்ற வேண்டும். நிலைமின்சாரமும் வராது, தூசும் குறைவு. டிபியு பிலிமின் முதுகுப் பக்க வேலைக்கு இது அருமை. ஆனால் சார்ஜர் துளை, ஸ்பீக்கர் ஓட்டை இருக்கும் ஓரத்தில் தண்ணீர் வழிந்தால் வேறு செலவு காத்திருக்கிறது. தெளிப்பது பிலிமில்தான், டேப்பில் இல்லை. கை நடுங்குகிறவர்களும் பொறுமை இல்லாதவர்களும் உலர் முறையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஒட்டிய பிறகு ஓரங்களில் சின்னச் சின்ன நீர்க்குமிழி இருக்கும். உள்ளே தூசு இல்லாத குமிழி என்றால் இரண்டு மூன்று நாளில் தானே மறையும். அதை ஊசியால் குத்தும் வீரர்களை யாரும் காப்பாற்ற முடியாது.

பிரிக்காத பிளாஸ்டிக்

நம் வீடுகளில் பாதுகாப்பு சில நேரம் எல்லை மீறும். டி.வி. ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை, ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு வருடமாகப் பிரிக்காத நீல பிளாஸ்டிக், சோபாமேல் விரிப்பு, விரிப்புமேல் துண்டு! டேப் வாங்கியபோது கம்பெனி ஒட்டியிருந்த மெல்லிய தாளையே ஸ்க்ரீன் கார்டு என்று நினைத்து மாதக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அது பயணத்துக்கான உறை, பாதுகாப்பு இல்லை. அதன்மேல் இன்னொரு பிலிம் ஒட்டினால் இரண்டும் சேர்ந்து கழன்று வரும். தடிமன் கூடினால் விரல் தொடுவதும் சரியாகப் பதியாது, ஏனென்றால் திரை உணர்வது விரலின் மின்னூட்டத்தைத்தான், அழுத்தத்தை இல்லை. பழையதை உரிக்காமல் புதியது ஒட்டித்தருகிற கடை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிள்ளைகளின் மார்க் ஷீட்டை லேமினேட் செய்யும் வழக்கத்தையும் இந்த இடத்தில் கண்டிக்கத் தோன்றுகிறது. பின்னாளில் வெளிநாட்டு வேலைக்கு முத்திரை குத்த வேண்டியிருந்தால் பிளாஸ்டிக் மேல் குத்த முடியாது. டேப் தோலை உரிக்கலாம். லேமினேஷனை உரித்தால் காகிதமும் சேர்ந்து கிழியும்.

ஒட்டிய பிறகு ஒரு நாள்

ஈர முறையில் ஒட்டியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் முழு நாள், டேப்பைத் தொடாமல் அணைத்தே வைப்பது நல்லது. வெயிலில் காயவைக்கக் கூடாது. இந்த ஊர் வெயிலில் பசை இளகும், பேட்டரியும் சூடாகும். நிழலில், தட்டையாக, தறி இல்லாத அறையில் வையுங்கள்.

அந்த ஒரு நாளை என்ன செய்வது? திருத்தணி மலைக்குப் போகாதவர்கள் போகலாம். பார்த்தவர்களுக்குச் சோளிங்கர் இருக்கிறது. யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படிகள். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு 2024 முதல் ரோப் கார் ஓடுகிறது. திருவாலங்காடு போகிறவர்கள், காரைக்கால் அம்மையார் முக்தி பெற்ற தலம் என்று போற்றப்படும் வடாரண்யேஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம். சேலை எடுக்க வந்தவர்கள் மாலையில் அம்மையார்குப்பம் திரும்பினால், பகலில் இறக்கிய சேலைகளை வீட்டுத் திண்ணையில் மடித்துக்கொண்டிருப்பார்கள். விலை கேட்பதற்கு முன் துணியின் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், இழை தப்பியிருந்தால் அப்போதுதான் தெரியும்.